வலிக்காத புண்: வாயில் பால்வினை நோயின் அறிகுறிகளைப் பார்ப்பது எப்படி

"வலியே இல்லீங்க மேடம். பார்க்கத்தான் அசிங்கமா இருக்குது. அடுத்த மாசம் நிச்சயதார்த்தம் வேற வச்சிருக்குது."

நாமக்கல்லில் நான் பல் கிளினிக் ஆரம்பித்த இரண்டாவது வருடம் அது. வந்தவருக்கு 28 வயது இருக்கும். கீழுதட்டில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கொண்டைக்கடலை அளவில் ஒரு புண். ஓரம் மேடாக இருந்தது. நடுவில் சீழ் எதுவும் இல்லை, வழவழவென்று சிவந்திருந்தது. கையுறை போட்ட விரலால் அழுத்திப் பார்த்தேன், சட்டைப் பொத்தானைத் தொட்டது போல் கெட்டியாக இருந்தது. அவர் முகம் சுளிக்கவே இல்லை. பல் பட்டிருக்கும் என்று முடிவு செய்து, தடவ ஒரு ஸ்டீராய்டு களிம்பும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் புண் போன இடம் தெரியவில்லை. நிச்சயதார்த்த லட்டு டப்பாவோடு வந்து நன்றி சொன்னார். எனக்கும் பெருமைதான்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். இந்த முறை கடைவாய் இரண்டிலும் வெடிப்பு, உதட்டின் உள்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி படலம். பேசிக்கொண்டே கையை விரித்தபோது உள்ளங்கையில் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அப்போதுதான் கல்லூரியில் படித்த பக்கம் எனக்கு உறைத்தது. ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதாக வந்தது. அவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே ஊசி போட வேண்டியதாயிற்று. என் களிம்பு எதையும் ஆற்றவில்லை. அது தானாகவே ஆறுகிற புண். கிருமி உள்ளே இருக்க, தடம் மட்டும் அழிந்துவிடும்.

அவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். என் தப்பை மட்டும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். உங்கள் வாயை நீங்களே பார்க்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை, என் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

காலையில் பல் துலக்கிய பிறகு பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள், உதட்டுச் சாயம் இருந்தால் துடைத்துவிடுங்கள். சுவரில் மாட்டிய கண்ணாடி நல்லது, இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். செல்போன் டார்ச் போதும். முடிந்தால் வேறொருவரைப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் இந்தக் காரியத்துக்கு யாரும் ஆள் கூப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் போனை அலமாரியில் சாய்த்து, முன்பக்கக் கேமராவில் வீடியோ எடுத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

உதட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் வெளிப்பக்கம், பிறகு கீழுதட்டை மடித்து உள்பக்கம், மேலுதட்டைத் தூக்கி உள்பக்கம், இரண்டு கடைவாய். அடுத்து கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து உள்ளே பாருங்கள். பிறகு ஈறு முழுக்க ஒரு சுற்று. நாக்கைச் சும்மா நீட்டினால் போதாது. கைக்குட்டையால் நுனியைப் பிடித்து (வெறுங்கையில் வழுக்கும்) இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, பின்னால் போகிற வரை ஓரங்களைப் பார்க்க வேண்டும். மோசமான விஷயங்கள் பலவும் நாக்கின் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து அடியில் பாருங்கள். தலையைப் பின்னால் சாய்த்து மேலண்ணம். கடைசியில் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி "ஆ" என்று சொன்னால் உள்நாக்கும் இரண்டு பக்க டான்சிலும் தெரியும்.

வாயை மூடிய பிறகும் வேலை முடியவில்லை. தாடைக்கு அடியிலும் காதுக்குக் கீழும் விரல் நுனிகளால் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் உருண்டையாக நகரும். வலிக்கிற நெறி பெரும்பாலும் சளி, பல் சீழ் போன்றவற்றால் வருவது. வலியில்லாமல் ரப்பர் போல் இருக்கும் நெறியையும், அதே பக்கத்து உதட்டில் ஒரு புண்ணையும் சேர்த்துப் பார்த்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை பார்க்கிறவர்கள் பயந்துபோவது உறுதி. ஒருமுறை இரவு 11 மணிக்கு ஒரு பையன் வாட்ஸ்அப்பில் தன் நாக்கின் படம் 14 அனுப்பியிருந்தான். "அக்கா, நாக்கோட பின்னாடி கட்டி கட்டியா இருக்கு, எனக்கு என்னமோ ஆயிடுச்சு." நாக்கின் பின்கோடியில் ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் வரிசையாக நிற்கும் 8 முதல் 12 குமிழ்கள் அவை. சுவை அரும்புகள் இருக்கும் இடம். அவன் பிறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. உதட்டின் உள்ளேயும் கன்னத்திலும் ரவை தூவியது போல் இருக்கும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தில் இருக்கும் சின்ன மேடு எச்சில் வரும் வாசல். பல் கடிக்கும் உயரத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக் கோடும் சாதாரணம். நாக்கில் வரைபடம் போல் சிவப்புத் தீவுகள் தோன்றி வாரா வாரம் இடம் மாறினால் அதுவும் தொற்று அல்ல. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் படம் பார்த்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

புண் எங்கே இருக்கிறது, வலிக்கிறதா?

நம் ஊரில் வாய்ப்புண் என்றால் ஒரே காரணம்தான்: உடம்புச் சூடு. மருந்தும் ஒன்றுதான்: மணத்தக்காளிக் கீரை. கீரையை நானும் சாப்பிடுகிறேன், அதில் தகராறு இல்லை. வழக்கமாக வந்து போகிற வாய்ப்புண் சின்னதாக, வட்டமாக, நடுவில் மஞ்சளாக, சுற்றிச் சிவப்பாக இருக்கும். காரக் குழம்பு பட்டால் உயிர் போகும். கன்னம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடி என்று அசையும் மெல்லிய இடங்களில் வரும். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இதற்கும் பால்வினை நோய்க்கும் சம்பந்தம் இல்லை. கூரான பல் உரசும் இடத்தில் வரும் புண்ணும் அப்படித்தான், பல்லைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

வலிக்காத புண் வேறு ஜாதி. சிபிலிஸை நம் பெரியவர்கள் கிரந்தி என்றார்கள், மேகப்புண் என்றார்கள், பறங்கிக்காரன் கொண்டுவந்தது என்ற கோபத்தில் பறங்கிப்புண் என்றும் சொன்னார்கள். கிருமி எந்த இடத்தில் நுழைந்ததோ அந்த இடத்தில்தான் முதல் புண் வரும். வாய்வழி உறவில் நுழைந்தால் உதடு, நாக்கு, டான்சில். நுழைந்து 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தெரியலாம். பொதுவாக மூன்று வாரம். பெரும்பாலும் ஒரே புண், கெட்டியான ஓரம், வலி இருக்காது. வாய்க்குள் வேறு கிருமி சேர்ந்துகொண்டால் சிலருக்கு வலிப்பதும் உண்டு, அதனால் வலியை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். என்னை ஏமாற்றியது இதுதான். உங்களையும் ஏமாற்றும். "ஆறிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று எல்லோருக்கும் தோன்றும்.

அப்புறம் வருவது இரண்டாம் கட்டம். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து, வாய்க்குள் சாம்பல் வெள்ளைத் திட்டுகள் வரும். நாலைந்து திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி வளைந்து தெரியும். கடைவாயில் நடுவே பிளந்த சின்ன மேடு வரலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத தடிப்புகள் வரலாம். லேசான காய்ச்சல், அங்கங்கே முடி உதிர்தல், உடம்பெல்லாம் நெறி. இந்தக் கட்டத்தில் வாயில் இருக்கும் திட்டுகளில் கிருமி ஏராளம், முத்தத்தில்கூடப் பரவும். இதுவும் தானாகவே மறையும். பல வருடம் கழித்து மூன்றாம் கட்டத்தில் மேலண்ணத்தில் ஓட்டை விழுந்து, குடிக்கும் தண்ணீர் மூக்கில் வருவது வரை போகும். அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பென்சிலின் புண்ணியம்.

கொப்புளம் என்றால் கணக்கே வேறு. உதட்டு ஓரத்தில் முதலில் சுருசுருவென்று எரியும், மறுநாள் திராட்சைக் கொத்து போல் குட்டிக் கொப்புளங்கள், உடைந்து பொருக்குத் தட்டி ஒன்றரை வாரத்துக்குள் போய்விடும். காய்ச்சலுக்குப் பிறகு, வெயிலில் அலைந்த பிறகு, பரீட்சை நேரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். ஹெர்பிஸ். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தது என்பார்கள், அக்கி என்று காவி பூசிக்கொண்டு வருவார்கள். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகில் 50 வயதுக்குக் கீழ் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு இந்த முதல் வகை ஹெர்பிஸ் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பலருக்குச் சின்ன வயதில் பாட்டியோ சித்தியோ கொடுத்த முத்தத்தில் வந்தது. ஒரு பெண் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இவரு உதட்டப் பாருங்க மேடம், எங்க போயிட்டு வந்தாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று நின்றார். உதட்டுக் கொப்புளத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. அவருக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே வருகிறதாம். அந்த அம்மா கடைசி வரை நம்பவில்லை, அது வேறு கதை.

ஆனால் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு வைத்தால் இதே வைரஸ் துணையின் பிறப்புறுப்பில் குடியேறும். அந்த நாட்களில் வேண்டாம். பச்சைக் குழந்தையை முத்தமிடவும் வேண்டாம், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு ஹெர்பிஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். வாய்க்குள் இது திரும்ப வந்தால் எங்கே வரும் என்று தெரிந்தால் வாய்ப்புண்ணோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். எலும்போடு ஒட்டிய கெட்டியான இடங்களில், அதாவது மேலண்ணத்தின் முன்பகுதியிலும் பல்லைச் சுற்றிய ஈறிலும் வந்தால் ஹெர்பிஸாக இருக்க வாய்ப்பு. அசையும் மெல்லிய இடங்களில் வந்தால் சாதாரண வாய்ப்புண். ஹெர்பிஸ் மேல் ஸ்டீராய்டு களிம்பு தடவக் கூடாது, வைரஸுக்கு விருந்து வைத்த மாதிரி.

நாக்கில் மாவு படிந்தால்

வெள்ளையைப் பார்த்தால் சுத்தமான பஞ்சுத் துணியால் மெதுவாக வழித்துப் பாருங்கள். தயிர் ஆடை போல் வந்துவிட்டு, அடியில் சிவந்து எரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. பூஞ்சை என்றதும் எச்.ஐ.வி. என்று குதிக்க வேண்டாம். நான் பார்க்கும் பத்துப் பேரில் முக்கால்வாசிக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்காது, அல்லது ராத்திரி பல்செட்டோடு தூங்குவார்கள், அல்லது ஆஸ்துமா இன்ஹேலர் உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்க மாட்டார்கள். இந்த எதுவும் இல்லாத, திடமான 30 வயதுக்காரர் வாயில் மேலண்ணம் முழுக்கப் பூஞ்சை இருந்தால், நான் சர்க்கரைப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் பேசிப் பார்ப்பேன்.

வழித்தாலும் வராத வெள்ளை, அதுவும் நாக்கின் பக்கவாட்டில் செங்குத்தாக மடிப்பு மடிப்பாக, சீப்பால் வாரிவிட்டது போல் இருந்தால் அது எச்.ஐ.வி.யில் எதிர்ப்புச் சக்தி இறங்கியதைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம். மேலண்ணத்தில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டு, பல்லுக்கு இடையில் ஈறு அழுகி எலும்பு தெரிவது, இவையும் அந்த வகைதான். எச்.ஐ.வி. நுழைந்து 2 முதல் 4 வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் சேர்ந்து வரும். சாதாரண வைரல் காய்ச்சலுக்கும் இதற்கும் பார்வையில் வித்தியாசமே இருக்காது.

நாமக்கல் என்றதும் லாரி, லாரி என்றதும் எய்ட்ஸ் என்று ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள், கேட்கும்போது எரிச்சலாக வரும். இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். நான் கிளினிக் திறந்த காலத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டார்கள். யாரும் புள்ளிராஜாவின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. இன்று கூட்டு மருந்து உண்டு, அரசு இலவசமாகவே தருகிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் நாக்கில் இந்த வெள்ளை மடிப்புகளைப் பார்ப்பதே அபூர்வம். எச்சிலிலோ முத்தத்திலோ ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதிலோ எச்.ஐ.வி. பரவாது. வாய்வழி உறவில் பரவும் வாய்ப்பும் மிகக் குறைவு.

மரு, தொண்டை, சிவப்புப் புள்ளி

காலிஃப்ளவர் நுனி போலச் சொரசொரப்பாக, வலியில்லாத ஒரு மரு உதட்டிலோ நாக்கிலோ உள்நாக்கிலோ முளைத்தால் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். நகத்தால் கிள்ளுவது, நூல் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் வேண்டாம். மருவை உண்டாக்கும் வகைகள் வேறு, புற்றுநோய்க்குக் காரணமான 16ஆம் எண் வகை வேறு. அந்த 16 வாயில் எதையும் காட்டாமல் டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் பல வருடம் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தொண்டை உறுத்தல், ஒரு பக்கம் மட்டும் காதுவலி, கழுத்தில் கரையாத கட்டி என்று வாரக்கணக்கில் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை 9 வயதிலிருந்தே போடலாம், பையன்களுக்கும்தான்.

வெட்டை என்று நம் ஊரில் சொல்லும் கொனோரியாவும், கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் தொண்டையில் தங்கும். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெரிந்தால் ஒரு சாதாரண தொண்டைக் கரகரப்பு. நான் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நீங்களும் முடியாது. சிறுநீரைப் பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் தொண்டையில் இருப்பதை அது சொல்லாது. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மருத்துவரிடம் வாய்வழி உறவு இருந்தது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

மேலண்ணத்தின் பின்பகுதியில் மட்டும் சிவப்புப் புள்ளிகள் திடீரென்று தெரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறைந்தால், அது வாய்வழி உறவில் உரசலாலும் உறிஞ்சலாலும் ரத்தம் கட்டியது. தொற்று அல்ல. ஆனால் பலமான இருமலிலும் தட்டணுக்கள் குறைந்தாலும் இதே புள்ளிகள் வரும். காய்ச்சலோடு வந்தால் டெங்குவை முதலில் நினையுங்கள்.

பார்த்தாயிற்று, இனி?

எதையும் தடவும் முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு குண்டூசித் தலையோ பேனா முனையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். தேதி போனிலேயே பதிவாகிவிடும். எனக்கு அந்த 28 வயதுக்காரரின் முதல் புண்ணின் படம் இருந்திருந்தால், தோல் மருத்துவர் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

மருந்துக் கடையில் "வாய்ப்புண்ணுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்காதீர்கள். அரைகுறையாக நாலு நாள் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக் அறிகுறியை மூடிவிட்டு நோயை விட்டுவிடும். கடுக்காய், மஞ்சள், படிகாரம், பட்டாசு மாதிரி எரியும் ஜெல், எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதில் தப்பில்லை.

எதுவாக இருந்தாலும் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ போகாத வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நம் பக்கத்தில் பாக்கும் ஹான்ஸ் புகையிலையும் போடுகிறவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆறாத புண் என்றால் பால்வினை நோயைவிட முதலில் எனக்கு வரும் பயம் வாய்ப்புற்றுநோய்தான். சந்தேகம் இருந்தால் துணுக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு மாறாக, உறவு கொண்ட மூன்று மாதத்துக்குள் வலிக்காத கெட்டிப் புண் வந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. முன்பெல்லாம் நான் சேலத்துக்கு எழுதிக் கொடுப்பேன், 2022 முதல் நாமக்கல்லிலேயே கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் பாதிப் பேர் "சேலத்துக்கே எழுதிக் குடுங்க மேடம், இங்க எங்க பெரியப்பா பையன் வேலை பாக்குறான்" என்பார்கள். சரி என்று எழுதிக் கொடுப்பேன். போவதுதான் முக்கியம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையம் போதும், இலவசம். எங்கே என்று தெரியாவிட்டால் 1097க்குக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

உள்ளே போய் என்ன சொல்வது என்பதுதான் பலருக்குத் தடை. நான் சொல்லிக் கொடுப்பது ஒரே வரி: "இத்தனை வாரத்துக்கு முன்னாடி புதுசா ஒருத்தரோட உறவு இருந்துச்சு, வாய்வழியாவும், இந்தப் புண்ணுக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணணும்." யார், எங்கே, கல்யாணமானவரா என்று கதை சொல்ல வேண்டியதில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது வாய்க்குச் சரிப்படாது. ஈறுகளில் இயல்பாகவே வாழும் சுருள் கிருமிகள் சிபிலிஸ் கிருமியின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால் ரத்தத்தில்தான் பார்ப்பார்கள்: வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., அதோடு டி.பி.எச்.ஏ. புண் வந்த முதல் வாரங்களில் வி.டி.ஆர்.எல். இல்லை என்றே வரலாம். அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கும் அப்படியே, 3 மாதம் முடிந்து ஒருமுறை. ஆபத்தான உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள், 28 நாள் தடுப்பு மருந்து உண்டு.

ஆரம்ப சிபிலிஸுக்கு பென்சத்தைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே வேளை. ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சலும் குளிரும் வரலாம், கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் அடங்கும். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்த அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். துணைக்கும் சேர்த்து சிகிச்சை முடியும் வரை முத்தம் உட்பட எதுவும் வேண்டாம்.

எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை உங்களைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி பல் பிடுங்க மறுக்கவும் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

துணையிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அதற்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் கர்ப்பமாக இருக்கும், அல்லது ஆகப்போகும் பெண்ணிடம் மறைப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சிபிலிஸ் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். கருவே கலையலாம், இறந்தே பிறக்கலாம். பிழைத்த பிள்ளைக்கு ஏழெட்டு வயதில் முளைக்கும் மேல் முன்பற்கள் திருப்புளி முனை மாதிரி குறுகி, விளிம்பில் பிறை போலக் குழிந்து வரலாம்.

அந்த 28 வயதுக்காரரின் மனைவிக்குக் கர்ப்பத்தின்போது திரும்பத் திரும்ப ரத்தம் பார்த்தார்கள், பிரச்சினை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பால்பல் ஆடுகிறது என்று அழைத்து வந்தார்கள். விளக்கை இழுத்து, தேவைக்கு மேல் குனிந்து, புதிதாக எட்டிப் பார்த்த மேல் முன்பற்களைப் பார்த்தேன். அகலமாக, விளிம்பில் மூன்று சின்ன மேடுகளோடு இருந்தன.

"ரம்பம் மாதிரி இருக்குதுங்களே மேடம்," என்றார் அவர். "ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தான் முளைக்கும். கடிக்கக் கடிக்கத் தேஞ்சு நேராயிடும்," என்றேன்.